பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம்

உட்காருங்க சார். அந்த ஸ்டூல் ஆடும், இதுல உட்காருங்க. கையை மட்டும் மேசையில ஊன்ற வேண்டாம். இந்த கிளிப் இருக்கே, சிப்போட எட்டுக் காலையும் பல்லால கடிச்சுப் பிடிச்சிட்டிருக்கு. மேசை லேசா அசைஞ்சாப் போதும், ஒரு கால் விட்டுப்போகும். விட்டுப்போச்சுன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இப்ப உள்ளே இருக்கிறதைப் படிச்சிட்டிருக்கு. படிச்சு முடிக்கட்டும்.

நீங்க சொன்னது புரிஞ்சுது சார். உங்க டியூஷன் சென்டர்ல இதே மாடல் போர்டு இன்னொண்ணு நல்லா ஓடுது, அதுல இருக்கிறதை அப்படியே எடுத்து இதுல ஏத்திட்டா ஜோலி முடிஞ்சுதுங்கிறீங்க. முடியும். நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடியும். ஆனா நான் பண்ண மாட்டேன். செத்த போர்டா இருந்தாலும் அதுக்குள்ள மிச்சம் என்ன கிடக்குதுன்னு முதல்ல எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் மேற்கொண்டு கை வைப்பேன். சாமி கும்பிடாமக்கூட கடையைத் திறந்திருக்கேன், பேக்கப் எடுக்காம ஒரு சிப்பைத் தொடுறதில்ல. இப்ப. இப்பன்னா, இந்த ஆவணிக்கு அப்புறம்.

ஏன்னு கேக்குறீங்களா? நீங்க கேக்கலைன்னாலும் சொல்லியிருப்பேன் போலிருக்கு. உள்ளூர்க்காரங்ககிட்ட சொல்ல முடியாது. நீங்க வெளியூர், போர்டை வாங்கிட்டுப் போயிருவீங்க.

சொக்கலிங்கபுரம் போற வழியில தென்றல் கிராபிக்ஸ்னு ஒரு கடை. வரும்போது பார்த்திருப்பீங்க. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் அங்கதான் டிசைன் பண்ணுவாங்க. அச்சடிக்கிறது சிவகாசியில. இங்க படத்தை முடிச்சு நெட்டுல அனுப்பிவிட்டா அங்க ஓடும். நெட் இல்லைன்னா அவங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. அண்ணன் தம்பி ரெண்டு பேரு நடத்தினாங்க. மூத்தவர் தவசிலிங்கம், நான் அண்ணாச்சின்னு கூப்பிடுவேன். இளையவர் சௌந்திரபாண்டி, எனக்கு சௌந்தர்ணன். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே மாடல்ல, ரெண்டு கம்ப்யூட்டர் நான்தான் மாட்டிக் குடுத்தேன்.

மாட்டினதோட நிக்கல. கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல்ல ஒரு கம்பெனி படம் வரும்ல? அது பயாஸ்னு, கம்ப்யூட்டரை எழுப்பி விடுற சிப்புக்குள்ள இருக்கிறது. அதை எடுத்துட்டு அந்த இடத்துல 'தென்றல்'னு அவங்க கடை பேரும் ஒரு தென்னங்கீத்தும் வர்ற மாதிரி மாத்திக் குடுத்தேன். கேக்காமலே. நம்ம வித்தையை யார்கிட்டயாவது காட்டணும்ல சார். அண்ணாச்சி அதைப் பார்க்கிறதுக்காகவே ரெண்டு தரம் அணைச்சு அணைச்சுப் போட்டார். அவங்கப்பா அப்ப உயிரோட இருந்தார். "மிஷினுக்கே நம்ம பேரு தெரியுதேப்பா"ன்னார்.

அந்தப் பெரியவர் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில போயிட்டார். முதல் வருஷ நினைவு நாளுக்கு பிளக்ஸ் அடிக்கணும்ல. ஊருக்கெல்லாம் அடிக்கிறவங்க சொந்த அப்பனுக்கு அடிக்காம இருக்க முடியுமா? அங்கதான் சண்டை பிடிச்சுது. சௌந்தர்ணன் கலர்ல, பின்னாடி மேகம், ரெண்டு பக்கமும் புறா, மேலேர்ந்து வெளிச்சம் விழுறாப்புல பண்ணியிருந்தார். அண்ணாச்சிக்கு அந்த வெள்ளை வேட்டி போட்டோ ஒண்ணு போதும். "போய்ச் சேர்ந்தவருக்கு என்னத்துக்குடா ரெக்கை?"ன்னு கேட்டுட்டார். சௌந்தர்ணன், "உனக்கு டிசைன்னா என்னன்னே தெரியாதுண்ணே. நீ பேரைச் சுத்திக் கட்டம் போட்டுத்தான் பழக்கம்"னு சொல்லிட்டார். வந்த கஸ்டமர் முன்னாடி. அந்த வருஷம் பிளக்ஸே வைக்கல.

ஒரு புறாவுக்காகவான்னு கேக்காதீங்க சார். அதுக்கு முன்னாடி என்னென்ன இருந்துதோ, நமக்கென்ன தெரியும்.

ஆனி மாசம் நடுக்கடையில பிளைவுட் வந்துருச்சு. யூபிஎஸ்ஸும் ரூட்டரும் அண்ணாச்சி பக்கம். கலர் பிரிண்டரும் முன்வாசலும் சௌந்தர்ணன் பக்கம். எல்லாத்தையும் பிரிச்சாங்க, நெட் லைனை மட்டும் பிரிக்கல. அது அப்பா பேர்ல இருந்தது. யார் பேருக்கு மாத்துறதுன்னு பேச்சு வந்தப்ப ரெண்டு பேருமே எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். அதனால பிளைவுட்டுல ஒரு ஓட்டை போட்டு, அண்ணாச்சி பக்கத்து ரூட்டர்லேர்ந்து ஒரு வயரை இந்தப் பக்கம் இழுத்தது நான்தான். நான் ஒருத்தன்தான் சார் ரெண்டு பக்கமும் போயிட்டு வர்றவன். இந்தப் பக்கப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோறவன் இல்ல நான். அதனாலதான் ரெண்டு பேரும் என்னை விட்டாங்க.

ஆவணி முதல் முகூர்த்தத்துல சௌந்தர்ணன் தன் பக்கத்துக்குப் 'புதுத் தென்றல்'னு பூஜை போட்டார். அதுக்கு முந்தின நாள் கூப்பிட்டார். "மாரீசு, போட்டதும் பழைய பேரு வருதுடா. வர்றவன் பார்த்தா என்ன நினைப்பான். மாத்திக் குடுத்துரு."

பத்து நிமிஷ வேலை. உள்ளே இருந்தது என் கையால போட்டதுதானே, எனக்குத் தெரியாதான்னு பேக்கப் எடுக்கல. கிளிப்பும் மாட்டல, கம்ப்யூட்டர் வழியாவே ஏத்தினேன். பாதியில கரண்ட் போச்சு சார். யூபிஎஸ் இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன் பாருங்க, பழைய ஞாபகத்துல. யூபிஎஸ் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம்.

கரண்ட் வந்தப்ப ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரையில ஒண்ணும் இல்ல. உங்க போர்டு மாதிரியேதான்.

சௌந்தர்ணன்கிட்ட, "சிப் கொஞ்சம் மக்கர் பண்ணுதுண்ணே, கடையில வெச்சுப் பார்த்துட்டு சாயங்காலம் தர்றேன்"னு சொல்லிட்டுப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன். மக்கர் பண்ணினது நான். நெட்டுல தேடுனேன், அந்த மாடலுக்கு ஒரு ஃபைலும் ஒழுங்கா கிடைக்கல. நல்ல நகல் ஊருலயே ஒரே இடத்துலதான் இருந்துது.

அண்ணாச்சிகிட்ட போனேன். "முகூர்த்தம் வருதே, மிஷினைத் தூசி தட்டிட்டுப் போறேன் அண்ணாச்சி"ன்னேன். அவர் சந்தோஷமா, "நீயா வந்தியா? அவன் பக்கம் பூஜை வேலை இருக்கும்னுல நினைச்சேன்"னார். எனக்கு டீ சொல்ல அவரே எந்திரிச்சுப் போனார். அவர் போன நேரத்துலதான் கிளிப்பை மாட்டினேன். திரும்பி வந்து டம்ளரைக் குடுத்துக்கிட்டே மெதுவா கேட்டார்: "அவன் மிஷின் நல்லா ஓடுதாடா?"

"ஓடுது அண்ணாச்சி."

"ஓடட்டும். நாளைக்கு நாலு பேரு வருவாங்க."

அவர் கையால டீ குடிச்சுக்கிட்டே அவர் கம்ப்யூட்டரோட நெஞ்சுக்குள்ள இருந்ததை நகல் எடுத்துக்கிட்டிருக்கேன் சார்.

சாயங்காலமே சௌந்தர்ணன் போர்டுல ஏத்தி, படத்தை மாத்தி, புதுத் தென்றல் வர வெச்சுக் குடுத்துட்டேன். பூஜை நல்லபடியா நடந்துச்சு. எனக்குத் துண்டு போட்டாங்க.

பிரச்சினை என்னன்னா, ஒவ்வொரு போர்டுக்கும் நெட்டுக்குன்னு ஒரு சொந்த நம்பர் உண்டு. வீட்டுக் கதவு நம்பர் மாதிரின்னு வெச்சுக்கங்க. அந்த மாடல்ல அதுவும் அந்த சிப்புக்குள்ளயேதான் இருக்கும். நான் மொத்தத்தையும் நகல் எடுத்ததுல அண்ணன் நம்பரும் சேர்ந்து தம்பி போர்டுக்குள்ள போயிருச்சு. இப்ப ஒரே ரூட்டர்ல ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டுக்கும் ஒரே நம்பர். ரூட்டருக்கு என்ன தெரியும்? இவர் கேட்டதை அவர்கிட்ட குடுக்கும், அவர் கேட்டதை இவர்கிட்ட குடுக்கும். ஒருத்தர் மட்டும் போட்டிருந்தா நல்லா ஓடும். ரெண்டு பேரும் போட்டா அறுந்து அறுந்து வரும். இது எனக்கு அன்னைக்குத் தோணவே இல்ல.

முகூர்த்த வேலை குவிஞ்சிருந்த நேரம். சௌந்தர்ணன் கூப்பிடுவார்: "ரூட்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவர் புடுங்குறார்டா." நான், "இருக்கும்ணே"ம்பேன். அடுத்து அண்ணாச்சி கூப்பிடுவார்: "மேகம் புறான்னு பெருசு பெருசா இறக்கி மொத்த லைனையும் அவன் உறிஞ்சுறான்." அவருக்கும், "இருக்கும் அண்ணாச்சி." வேற என்ன சொல்ல? போய் ரூட்டரை அணைச்சுப் போடுவேன். "லைன் கோளாறு"ம்பேன். அவங்க கம்ப்ளெய்ன்ட் குடுப்பாங்க. லைன்மேன் வேலாயுதம்னு ஒருத்தர், பாவம், வயசானவர், ஏணியைப் போட்டுக் கம்பத்துல ஏறி முழு வயரையும் மாத்தினார். கீழ நின்னு ஏணியைப் பிடிச்சுக்கிட்டவன் நான்தான் சார். இறங்கி வந்ததும், "தம்பி இல்லைன்னா ஏறியிருக்க மாட்டேன்"னார். எனக்கு எங்க மூஞ்சியை வெச்சுக்கிறதுன்னு தெரியல.

நான் கண்டுபிடிச்சது பத்து நாள் கழிச்சு. என் கடையில உக்காந்து, அண்ணாச்சிகிட்ட எடுத்தது, தம்பிக்கு ஏத்தினதுன்னு ரெண்டு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்ப வெளிச்சமாயிருச்சு. அன்னைக்கே போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லலாம்னு வண்டியை எடுத்தேன். பாதி வழியில, சொன்னா அண்ணாச்சியோடதைத் திருடினது தெரியும், தம்பியோடதைக் கெடுத்தது தெரியும், வேலாயுதத்தை ஏத்தினது தெரியும்னு தோணுச்சு. பஜார்ல வண்டியைத் திருப்பிட்டேன்.

இதுக்குள்ள அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சுட்டாங்க. ஒருத்தர் அணைச்சா இன்னொருத்தருக்கு ஓடுதுன்னு. சௌந்தர்ணனுக்கு ஒரு அவசர பத்திரிகை. பொறுத்துப் பார்த்துட்டுப் பிளைவுட்டைத் தட்டியிருக்கார். டொக் டொக். "முடிஞ்சுதா?"ன்னு பொதுவா. அந்தப் பக்கத்துலேர்ந்து, "பொறு." அவ்வளவுதான். மறுநாள் அண்ணாச்சி தட்டியிருக்கார். அப்புறம் அது வழக்கமாயிருச்சு. ஒரு நாள் நான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கேன், சௌந்தர்ணன் தட்டிட்டு, "அண்ணே, முடிஞ்சுதா?"ன்னார். அண்ணே. பிளைவுட் வந்ததுக்கு அப்புறம் அந்த வார்த்தையை நான் அவர் வாயில கேட்டதே இல்ல.

அப்புறம் அணைச்சு வெச்ச நேரத்துல சும்மா எத்தனை நேரம் உக்காந்திருக்கிறது? ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாசலைச் சுத்தி அடுத்த பக்கம் போக ஆரம்பிச்சாங்க. அண்ணாச்சி நாற்காலியைத் தூக்கிட்டு வந்து தம்பி முதுகுக்குப் பின்னாடி உக்காந்து, "அந்தச் சிவப்பைக் குறைடா, கண்ணைக் குத்துது"ம்பார். சௌந்தர்ணன் முணுமுணுத்துக்கிட்டே குறைப்பார். ஒரு தட்டுல வடை. புரட்டாசியில அப்பாவோட ரெண்டாம் வருஷ பிளக்ஸைக்கூட சேர்ந்து ஆரம்பிச்சுட்டாங்க. பேரெல்லாம் போட்டாச்சு, வேட்டி போட்டோ வெச்சாச்சு. புறா மட்டும் இழுபறி.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேக்கல. பாருங்க, என்னால எவ்வளவு சிரமம். அவங்கவங்க பக்கம் ஆளுக்கொரு கம்ப்யூட்டர்ல நிம்மதியா வேலை பார்க்க வேண்டியவங்க, கெஞ்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அலையிறாங்க. அப்ப ஒரு நாள் அண்ணாச்சி, "மதுரையிலேர்ந்து விவரமான ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து பார்ப்பமா"ன்னார். அதுக்காக இல்ல சார் நான் சரி பண்ணினது. மனசாட்சி. அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். இல்ல, அன்னைக்குத்தான். ஆனா மனசாட்சிதான்.

ஆயுத பூஜைக்கு மிஷின் துடைக்கிறேன்னு போய் சௌந்தர்ணன் போர்டைக் கழட்டினேன். போர்டு ஓரத்துல அதோட சொந்த நம்பர் சின்ன ஸ்டிக்கர்ல ஒட்டியிருந்துது. தூசியைப் பிரஷ்ஷால தள்ளிப் பார்த்தா எறும்பு ஊர்றாப்புல எழுத்து. ஒவ்வொண்ணா பார்த்து உள்ளே ஏத்தினேன். பேக்கப் எடுத்துட்டு. ஒரு தரம் எழுதினதை மூணு தரம் சரிபார்த்தேன். மாட்டினேன். சந்தனம் குங்குமம் வெச்சேன். விஜயதசமி அன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டாங்க. ரெண்டு பக்கமும் தண்ணி மாதிரி ஓடுது.

துள்ளிக் குதிப்பாங்கன்னு நினைச்சேன். அண்ணாச்சிகிட்ட, "நல்லா ஓடுதுல்ல?"ன்னேன். "ம்." இந்தப் பக்கம் வந்தேன். "இப்ப கட் ஆகலையேண்ணே?" "ஆகலை." அவ்வளவுதான். ரெண்டு பேரும் அவங்கவங்க திரையைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. டொக் டொக் இல்ல. நாற்காலி அதது இடத்துல. வடை கிடையாது. பிளக்ஸ் என்னாச்சுன்னு கேட்டதுக்கு, "பார்ப்போம்"னார் சௌந்தர்ணன். எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் பண்ணின வேலை அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்லைன்னா எதுக்கு சார் மூஞ்சியை அப்படி வெச்சுக்கணும்?

அப்புறம் கேளுங்க. ஒரு வாரத்துல திரும்பவும் கட்டாக ஆரம்பிச்சுது. சௌந்தர்ணன் பக்கம் மட்டும். எனக்கு உயிரே போச்சு. நம்பர் வேற வேறதான், நானே பார்த்தேன், எப்படிக் கட்டாகும்? போய்ப் பார்த்தா அண்ணாச்சி பக்கத்துல ரூட்டர்ல வயர் பின் பாதி கழண்டு நிக்குது. அமுக்கிட்டு வந்தேன். மறுநாள் அதே. டீ நேரத்துக்குச் சரியா கழலுது. "எலியா இருக்குமோ அண்ணாச்சி?"ன்னேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காம, "எலியாத்தான் இருக்கும்"னார். ரூட்டர் அவர் கால்மாட்டுலதான் இருக்கு. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுக் காலை ரூட்டர் மேல வெச்சுக்கிட்டுத்தான் உக்காருவார். அவர் காலடியிலயே எலி வந்து போகுது, அவருக்குத் தெரியல பாருங்க.

ஏன் சார் சிரிக்கிறீங்க?

சௌந்தர்ணன்கிட்ட, "உங்களுக்குத் தனி லைனே இழுத்துத் தர்றேண்ணே"ன்னேன். அவர் பதறிப்போய், "வேணாம் வேணாம். அண்ணன்கிட்ட சொன்னா சரி பண்ணித் தர்றார். நீ இதுக்குன்னு வராத"ன்னார். நம்பிக்கை போயிருச்சு சார் என் மேல. நான் தொட்டாலே கெட்டுப்போகும்னு நினைக்கிறார்.

என்ன சார் சொல்ல வர்றீங்க? இல்ல சார், எலிதான். மருந்துகூட வெச்சேன். ஒண்ணும் சாகல.

அதனால முந்தாநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். நாம பண்ணின பாவத்தை நாமதான் முழுசா தீர்க்கணும். போய் அந்தப் பின்னை ரூட்டரோட வெச்சு எம்சீல் போட்டு ஒட்டிட்டேன். மேல ஒரு தகரப் பெட்டி, நாலு ஸ்குரூ. அண்ணாச்சி காலைத் தூக்கிக்கிட்டு நான் பண்றதையே பார்த்துட்டிருந்தார்.

"இனிமே இது கழலவே கழலாதாடா?"

"வெட்டி எடுத்தாத்தான் அண்ணாச்சி."

"சரி"ன்னார். அவ்வளவு மெதுவா ஒரு சரி. இந்தப் பக்கம் வந்தா சௌந்தர்ணன், "முடிச்சிட்டியா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். டீகூடச் சொல்லல. வாசல்ல செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்தேன், அந்தப் பிளைவுட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார். இன்னும் ரெண்டு நாள்ல அவங்கப்பா நினைவு நாள். எல்லாம் என்னால.

அப்பாடா, படிச்சு முடிச்சிருச்சு. உங்க சிப்புல பாதிக்கு மேல நல்லா இருக்கு சார், உங்க போர்டு நம்பரும் பத்திரமா இருக்கு. கெட்டுப்போன மிச்சத்துக்குக் கம்பெனி ஃபைலைச் சேர்த்து இப்ப எழுதப் போறேன். இதுதான் முக்கியமான நேரம், மேசையைத் தொடாதீங்க. எழுதட்டும், அதுக்குள்ள ஒரு போன் பண்ணிக்கிறேன். தினமும் இந்த நேரத்துக்கு லைன் எப்படின்னு அண்ணாச்சிகிட்ட கேட்டுருவேன். கேக்கலைன்னா சோறு இறங்காது. ஸ்பீக்கர்லயே போடுறேன்.

"அண்ணாச்சி, மாரீசு பேசுறேன். லைன் எப்படி இருக்கு?"

"சுத்தமா இல்லப்பா. ரூட்டர்ல விளக்கே எரியல. ரெண்டு பேருக்குமே இல்ல."

"ஐயையோ. இப்பவே வரட்டுமா?"

"வேணாம்பா."

"ஒரு அஞ்சு நிமிஷம் வந்து..."

"மாரீசா? வேணாம்னு சொல்லுண்ணே. நாளைக்கு, நாளன்னைக்குப் பார்த்துக்கலாம்னு சொல்லு. அண்ணே, இங்க பாரு. ஒரு புறா. ஓரத்துல, சின்னதா. ஒண்ணே ஒண்ணு."

"சரி, வை. ரெக்கையை விரிக்காம வை. மாரீசு, நீ வந்துராதப்பா. கேட்டியா?"

வெச்சுட்டார் சார்.

கேட்டீங்களா, வராதேங்கிறார். ரெண்டு பேரும் ஒரே குரல்ல. அவ்வளவு வெறுத்துப்போச்சு அவங்களுக்கு. நெட்டே இல்லாம ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி ரெண்டு பேரும் குந்திக்கிட்டுப் புறாங்கிறாங்க, பாவம். விளக்கு எரியலைன்னா அடாப்டர் போயிருக்கும். இல்ல, பிளக் கழண்டிருக்கும், அங்கேயும் அந்த எலி. அதையும் சுவரோட சேர்த்து அடிச்சு விட்டுட்டா நிம்மதி. புது அடாப்டர் ஒண்ணு இங்கதான் வெச்சிருந்தேன். இதோ இருக்கு. எம்சீலும் மிச்சம் இருக்கு.

நீங்க இங்கயே இருங்க சார். எழுதி முடிச்சா தானா நிக்கும். ஒரு எட்டு, சொக்கலிங்கபுரம்தானே, சரி பண்ணிக் குடுத்துட்டு ஓடி வந்துர்றேன். அவங்க வேணாம்னாலும் நான் போகாம இருக்க முடியுமா? எனக்குன்னு ஒரு மனசாட்சி இருக்குல்ல.

ஏன் சார் கையைப் பிடிக்கிறீங்க? எதுக்குப் போகக்கூடாது? விடுங்க சார். சொன்னாக் கேளுங்க, மேசை ஆடுது.